திருப்பி அடித்த அன்றுதான் நாம் பார்க்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ராத்திரி தனியாகப் பார்க்கக் கூடாத பத்துப் படங்கள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் ஏழாவதாக ஒரு சுவீடன் நாட்டுப் படம். ரத்தம் குடிக்கும் குட்டிப் பெண், அவள்மேல் காதலில் விழும் பையன், திகிலும் ரொமான்ஸும் கலந்த விருந்து என்று மூன்றே வரியில் முடித்துவிட்டார்கள். 2008இல் வந்த 'லெட் த ரைட் ஒன் இன்' படத்தைத்தான் சொல்கிறேன். சரியானவரை உள்ளே விடு என்று அந்தத் தலைப்புக்குப் பொருள்.

நான் சினிமா விமர்சகர் இல்லை. இருபத்தாறு வருஷமாக நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். இந்தப் படத்தை நான்கு தடவை பார்த்திருக்கிறேன், நான்காவது தடவை என் அப்பாவோடு உட்கார்ந்து. அந்த மூன்று வரியைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். இடம் இல்லையென்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், என் வகுப்பில் படித்த ஒரு பையனைப் பற்றிச் சொல்லும் பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

கதை 1980களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோம் நகரத்தின் மேற்குப் புறநகரான பிளாக்கெபெர்கில் நடக்கிறது. ஒரே மாதிரி ஜன்னல் வைத்த அடுக்குமாடிக் குடியிருப்பு, நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் பிள்ளைகள் ஏறி விளையாடும் கம்பிச் சட்டம், எல்லாவற்றின் மேலும் பனி. அங்கே பன்னிரண்டு வயது ஓஸ்கர் அம்மாவோடு இருக்கிறான். அப்பா தனியாக ஊர்ப்புறத்தில். ஒருநாள் ராத்திரி டாக்ஸியில் ஒரு வயதானவரும் ஒரு பிள்ளையும் வந்து இறங்கி பக்கத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள், வந்ததும் முதல் வேலையாக ஜன்னலை அட்டை வைத்து மூடுகிறார்கள். அந்தப் பிள்ளைதான் ஏலி, உங்கள் இணைப்பிதழ் சொன்ன ரத்தம் குடிக்கும் பிள்ளை. தனக்கும் பன்னிரண்டு வயதுதான் என்றும், ஆனால் ரொம்பக் காலமாகவே பன்னிரண்டு என்றும் பின்னால் சொல்கிறது.

நாவலை எழுதிய ஜான் அய்விதே லிண்ட்க்விஸ்ட் அதே பிளாக்கெபெர்கில் வளர்ந்தவர், எழுத்தாளர் ஆவதற்கு முன் மேஜிக் செய்துகொண்டும் மேடையில் நகைச்சுவை பேசிக்கொண்டும் இருந்தவர். 2004இல் நாவல் வந்தது, படத்துக்கும் அவரே திரைக்கதை எழுதினார். இயக்குநர் தோமஸ் ஆல்ஃபிரட்சன் அதுவரை பெரும்பாலும் நகைச்சுவையில் பெயர் எடுத்தவர், பேய்ப்பட ஆளே இல்லை. ஸ்டாக்ஹோமில் பனி எப்போது விழும் எப்போது உருகும் என்று நம்ப முடியாது என்பதால் பெரும்பகுதியை வடக்கே லூலேயோ என்ற ஊரில் போய் எடுத்தார்கள். ஒளிப்பதிவு ஹொய்தே வான் ஹொய்தெமா, பின்னாளில் 'ஓப்பன்ஹைமர்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான். பல இடங்களில் கொலை தூரத்தில் எங்கோ நடக்கிறது, நடுவில் வெறும் வெள்ளைப் பனி. கிட்டத்தில் காட்டுவதெல்லாம் ஒரு பையனின் கழுத்து, காது, மூக்கு ஒழுகுவது, மூச்சு புகையாக வெளியேறுவது. பனியைக் காலில் மிதித்தே அறியாத எனக்கு முதல் பத்து நிமிஷத்திலேயே காது மடல் குளிர்ந்த மாதிரி இருந்தது.

படம் தொடங்கும்போது ஓஸ்கர் சட்டையில்லாமல் ஜன்னல் ஓரம் கத்தியோடு நிற்கிறான். கண்ணாடியில் தெரியும் தன் நிழலைப் பார்த்து, பன்றி மாதிரி கத்து, கத்துடா என்கிறான். முதல் தடவை பார்த்தபோது இவன்தான் கெட்ட பையனோ என்று நினைத்தேன். அது பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் தினமும் அவனிடம் சொல்லும் வார்த்தை என்பது அப்புறம்தான் புரிகிறது. ராத்திரி வீட்டுக்கு வந்து அதே வார்த்தையை மரத்திடம் சொல்லி மரத்தைக் குத்துகிறான். ஏலி அவனை முதலில் பார்ப்பது அப்படித்தான், பின்னால் இருந்து, அந்தக் கம்பிச் சட்டத்தின் மேல் நின்றுகொண்டு.

ஒருநாள் அந்த மூன்று பேரும் மெல்லிய குச்சியால் அவனை அடிக்கிறார்கள், கன்னத்தில் கிழிந்துவிடுகிறது. வீட்டில் அம்மா கேட்டால் விழுந்துவிட்டேன் என்கிறான். அம்மா நம்பிவிடுகிறாள், கவலைப்படுகிறாள், பார்த்து நடக்கக் கூடாதா என்கிறாள். ராத்திரி முற்றத்தில் ஏலி அதே கன்னத்தைப் பார்த்துக் கேட்கும்போது மட்டும் உண்மையைச் சொல்கிறான். படம் முழுக்க அவனிடமிருந்து நிஜமான பதில் வருவது இந்தக் கேள்விக்குத்தான், அதையும் கேட்டது மனுஷப் பிள்ளை இல்லை. ஏலி சொல்லும் யோசனை திருப்பி அடி, பலமாக அடி என்பது. சரியான யோசனை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேறு யாரும் எந்த யோசனையும் சொல்லவில்லையே.

அப்புறம் பள்ளியிலிருந்து உறைந்த ஏரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள். பனிக்கட்டியில் ஓரிடத்தில் துளை. அந்த மூன்று பேரும் இவனை அதில் தள்ளப் போவதாக நெருங்குகிறார்கள். ஓஸ்கர் கையில் இருந்த நீளக் கம்பால் தலைவன் கோன்னியின் காதில் ஓங்கி அடித்துவிடுகிறான். ரத்தம், அலறல், ஆசிரியர்கள் ஓடுகிறார்கள். ஓஸ்கரின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும், பல நாள் காய்ச்சல் விட்ட பிள்ளை முகம் மாதிரி இருக்கும். அன்றைக்குத்தான் வீட்டில் பேச்சு எழுகிறது. அம்மா அழுகிறாள், இப்படிச் செய்வாயா என்று கேட்கிறாள். கன்னம் கிழிந்து வந்த அன்று எழாத கேள்வி, அடுத்தவன் காது கிழிந்த அன்று எழுகிறது.

இந்த இடத்தில்தான் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

பல வருஷத்துக்கு முன்னால் ஏழாம் வகுப்பில் எனக்கு ஒரு பையன் இருந்தான். ஒல்லியாக, பேசாமல், மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்காருவான். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறவர். திங்கட்கிழமை துவைத்து வெள்ளையாகப் போட்டு வரும் சட்டை வெள்ளிக்கிழமைக்குள் முதுகு முழுக்க இங்க் புள்ளியாக இருக்கும். பின்னால் உட்கார்ந்தவர்கள் பேனாவை உதறுவார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, அவனைத்தான் எழுப்பி நிற்க வைத்துச் சட்டையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று கேட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. முதுகில் தன் கையால் இங்க் தெளித்துக்கொள்ள முடியாது என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. அவன் ஜாமெட்ரி பாக்ஸ் தொலையும், சாப்பாட்டில் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், எல்லாம் பிள்ளைகள் விளையாட்டு என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டோம்.

ஒருநாள் மதிய இன்டர்வலில் அவன் எவர்சில்வர் டிபன் பாக்ஸை எடுத்து ஒருத்தன் புருவத்தில் அடித்துவிட்டான். மூன்று தையல். அன்றைக்கு எல்லோரும் வந்துவிட்டோம். ஹெச்.எம். அறையில் அடிபட்டவன் வீட்டார் ஒரு பக்கம், இவன் அம்மா ஒரு பக்கம். பீடி இலை வெட்டின கை, நகமெல்லாம் கருத்திருந்தது, அந்தக் கையைக் கூப்பிக்கொண்டே நின்றார். மன்னிப்புக் கடிதத்தை நான்தான் எழுதினேன், அவன் கையெழுத்து மட்டும் போட்டான். ஏன் அடித்தாய் என்று கேட்டோம், நன்றாக அதட்டித்தான் கேட்டோம். அதற்கு முந்தைய ஏழு மாதத்தில் ஒருநாள்கூட உனக்கு என்ன ஆச்சு என்று அந்த அறையில் இருந்த ஒருத்தரும் அவனைக் கேட்டதில்லை. வருஷக் கடைசியில் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான். எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இந்தப் படத்தைப் பார்க்கும் வரை அந்தச் சட்டை முதுகு என் ஞாபகத்துக்கு வந்ததே இல்லை என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இதனால்தான் சொல்கிறேன், இந்தப் படத்தைக் கோரைப்பல் கணக்கில் சேர்த்து எண்ணாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். படத்தில் வரும் பெரியவர்கள் ஒருத்தர்கூட ஓஸ்கரை அடிப்பதில்லை. பிள்ளைகளைப் பெற்றோர் அடிக்கக் கூடாது என்று 1979இல் உலகத்திலேயே முதலில் சட்டம் போட்ட நாடு சுவீடன். கதை நடப்பது அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான். பள்ளியில் அடிப்பதை அதற்கும் ரொம்ப முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தில்தான் பள்ளியில் உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்று வந்தது. அங்கே சட்டம் இருக்கிறது, வீடு இருக்கிறது, சூடான பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆனாலும் ஒரு பையன் கன்னம் கிழிந்து வீட்டுக்கு வருகிறான்.

பள்ளியில் ஒருத்தனைக் கூட்டமாகச் சேர்ந்து வதைப்பதற்கு சுவீடன் மொழியில் 'மொப்னிங்' என்று ஒரு சொல் உண்டு. அதுவே 1969இல்தான் அந்தப் பொருளில் புழக்கத்துக்கு வந்தது, பீட்டர் பால் ஹைனமன் என்ற மருத்துவர் கொண்டுவந்தது. டான் ஓல்வேயுஸ் என்ற சுவீடன் உளவியலாளர் 1970களில் இதை ஆய்வு செய்து நூல் எழுதினார். பக்கத்து நாடான நார்வேயில் 1982 கடைசியில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு 1983இல் நாடு முழுவதும் பள்ளிகளில் இதற்கு எதிராக இயக்கம் தொடங்கினார்கள், அவர் வகுத்த திட்டம் அங்கிருந்துதான் பரவியது. ஓஸ்கர் அந்தப் பனியில் நிற்கும் காலமும் அதுவேதான். சொல் பிறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, கண் இன்னும் திறக்கவில்லை.

நம்மிடம் அந்தச் சொல்லே இல்லை. கேலி என்கிறோம், வம்பு என்கிறோம், கிண்டல் என்கிறோம், கல்லூரியாக இருந்தால் ராகிங் என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் பல்கலைக்கழக ராகிங்கைப் பகடிவதை என்று எழுதுகிறார்கள், எவ்வளவு பொருத்தமான சொல் பாருங்கள், சிரிப்பும் அதில் இருக்கிறது, வதையும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதையே எடுத்துக்கொண்டால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. பத்திரிகைகள் எழுதினால்தான் சொல் பரவும்.

சரி, படத்துக்கு வருகிறேன். ஓஸ்கரைச் சுற்றி இருக்கும் பெரியவர்கள் கெட்டவர்கள் இல்லை. உடற்பயிற்சி ஆசிரியர் ஆவிலா நல்ல மனுஷர், இவன் எடை தூக்கப் பழக வந்தால் சந்தோஷப்படுகிறார், ஏன் வந்தான் என்று யோசிப்பதில்லை. அம்மா பாசமானவள். அப்பாவோ இன்னும் ஒரு படி மேலே. ஓஸ்கர் ஊர்ப்புறத்தில் அப்பாவிடம் போய்த் தங்கும் இடம் படத்திலேயே வெளிச்சமான இடம். பனியில் வண்டி ஓட்டுகிறார்கள், சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்து காகிதத்தில் கட்டம் போட்டு விளையாடுகிறார்கள், பையன் சிரிக்கிறான். அப்போது கதவைத் தட்டி அப்பாவின் சிநேகிதர் ஒருவர் வருகிறார். அவ்வளவுதான். யாரும் சத்தம் போடுவதில்லை. சிநேகிதர் உட்காருகிறார், மேஜைமேல் பாட்டில் வருகிறது, அப்பாவின் முகம் பையனை விட்டுத் திரும்புகிறது, கட்டம் பாதியில் நிற்கிறது. ஓஸ்கர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து, இருட்டில் ரோட்டுக்குப் போய், வருகிற வண்டியை மறித்து ஏறி ஏலியிடமே திரும்பிவிடுகிறான்.

வெளிநாட்டில் சிலர் அந்தக் காட்சி புரியாமல், வந்தவர் அப்பாவின் காதலராக இருக்குமோ என்றெல்லாம் எழுதினார்கள். நாவலில் அப்பாவின் குடிப்பழக்கம் வெளிப்படையாகவே இருக்கிறது. நமக்கு நாவல் வேண்டாம், சப்டைட்டிலும் வேண்டாம். பாட்டில் மேஜைக்கு வரும்போது பிள்ளையின் முகம் எப்படி மாறும் என்று தமிழ்நாட்டில் எந்த ஆசிரியையைக் கேட்டாலும் சொல்வாள். ஹோம் ஒர்க் ஏன் செய்யவில்லை என்று கேட்டால் பதில் சொல்லாமல் நிற்கும் பிள்ளைகளிடம் நான் பார்த்திருக்கிறேன், அதே முகம்.

இனி தலைப்பு. ரத்தக்காட்டேரி அழைக்காமல் ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது என்பது அந்தப் பக்கத்துப் பழைய நம்பிக்கை. நிறையப் படங்களில் இது வெறும் விதியாக வந்து போகும். இங்கே ஓஸ்கர் கோபத்தில் இருக்கிறான். ஏலி வாசலில் நின்று, உள்ளே வா என்று சொல் என்கிறது. சொல்லாவிட்டால் என்ன ஆகும், இங்கே ஏதாவது தடுக்கிறதா என்று காற்றில் கையை ஆட்டிக் காட்டுகிறான் இவன். மூன்று பேர் தினமும் தனக்குச் செய்வதை அந்த நிமிஷம் இவன் ஏலிக்குச் செய்கிறான். ஏலி ஒன்றும் பேசாமல் உள்ளே வந்து நிற்கிறது. நடுங்குகிறது. தலையிலிருந்து, காதிலிருந்து, கண்ணிலிருந்து ரத்தம் கசிகிறது, சட்டை முதுகில் சிவப்பாகப் பரவுகிறது. ஓஸ்கர் பதறி, வரலாம், நீ உள்ளே வரலாம் என்று கத்தி ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். எங்கள் ஊரில் வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும், உள்ளே வாங்க என்று சொல்லாமல் இருந்தால் அது அவமானம், வந்தவருக்கும் வீட்டுக்கும். அந்தச் சொல்லுக்கு இவ்வளவு எடை உண்டு என்று ஒரு சினிமா காட்டியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தொடர்ந்து வரும் பேச்சு முக்கியம். நீ யார் என்று கேட்கிறான், உன்னைப் போலத்தான் என்கிறது ஏலி. நான் யாரையும் கொல்வதில்லையே என்றால், முடிந்தால் பழிவாங்கக் கொல்வாய்தானே, நான் வேறு வழியில்லாமல் செய்கிறேன் என்கிறது. கொஞ்ச நேரம் நானாக இருந்து பார் என்று கேட்கிறது.

உங்கள் இணைப்பிதழ் குட்டிப் பெண் என்று எழுதியது தவறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தான் பெண் இல்லை என்று ஏலியே சொல்கிறது. நாவலில் இது விரிவாக வருகிறது, இருநூறு வருஷத்துக்கு முன் ஏலியாஸ் என்ற ஏழைப் பையனாக இருந்த ஏலிக்கு அதிகாரம் உள்ளவன் செய்த கொடுமை அது. படத்தில் ஒரு நொடி தெரியும் பழைய தழும்போடு விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தில் ஏலியை அவள் என்றோ அவன் என்றோ எழுதாமல் வருகிறேன். நம் மொழியில் குழந்தை வந்தது, பிள்ளை அழுகிறது என்று சொல்ல முடிவது இந்த இடத்தில் எவ்வளவு உதவியாக இருக்கிறது. ஏலியாக நடித்தது லீனா லியாண்டர்சன் என்ற சிறுமி, குரல் மட்டும் இன்னொருவருடையது. கொஞ்சம் தடித்த, வயது சொல்ல முடியாத குரல் வேண்டும் என்று முழுக்க வேறொருவரைப் பேச வைத்தார்கள். ஓஸ்கராக நடித்த கோரே ஹெடெப்ரான்ட்டும் அதற்கு ஈடாகச் செய்திருக்கிறான். மிட்டாய் கொடுத்தால் தனக்காக அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சுவர் ஓரம் போய் வாந்தி எடுக்கும் ஏலியை அவன் கட்டிப்பிடிக்கும் இடத்தில் அவன் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கும், அது நடிப்பு மாதிரியே இருக்காது.

நீச்சல் குளத்துக் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், ஆனால் அதைத் திகில் விருந்து என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. ஆவிலாவை வெளியே இழுக்கத் தீ வைத்துவிட்டு, கோன்னியின் அண்ணன் ஓஸ்கரின் முடியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்குகிறான். மூன்று நிமிஷம் தாக்குப்பிடிக்க வேண்டும், இல்லையென்றால் காதுக்குப் பதில் கண். கேமரா தண்ணீருக்குள் ஓஸ்கரின் முகத்தோடு இருந்துவிடுகிறது. மேலே என்ன நடக்கிறது என்பது மங்கலான சத்தமாகத்தான் கேட்கிறது. தூரத்தில் இரண்டு கால்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இழுபட்டுப் போகின்றன. அப்புறம் அமுக்கிய கை தளர்ந்து, தனியாக மூழ்குகிறது. அந்தப் பையன் கண் திறக்கும் வரை நான் மூச்சு விடவில்லை. குளத்தோரம் பெஞ்சில் ஒருத்தன் மட்டும் உயிரோடு உட்கார்ந்து முகத்தை மூடி அழுகிறான், அந்தக் கூட்டத்தில் மனசில்லாமல் கூடவே திரிந்தவன். என் வகுப்பில் வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகள் என்றால் அவர்களில் பெரும்பாலோர் இந்தப் பையனைப் போன்றவர்கள்தான். அடிப்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை. நான் இப்போதெல்லாம் முதலில் பேசுவது அவர்களிடம்தான், தனித்தனியாக.

ஏலியோடு வந்த வயதானவர் ஹோகனைப் பற்றி ஒரு வார்த்தை. ஏலிக்காக ஆட்களைக் கொன்று பிளாஸ்டிக் கேனில் ரத்தம் பிடிக்கிறார், தடுமாறுகிறார், மாட்டிக்கொள்ளும்போது ஏலியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தன் முகத்திலேயே அமிலத்தை ஊற்றிக்கொள்கிறார். நாவலில் அவர் பிள்ளைகள்மேல் தப்பான ஆசை கொண்ட ஆள், படத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அவரை வைத்துத்தான் பலர், ஓஸ்கரும் நாளை இன்னொரு ஹோகன், ஏலி ஆள் பிடிக்கத்தான் பழகியது என்று முடிவு கட்டுகிறார்கள். அப்படிப் பார்க்கவும் படத்தில் இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் லிண்ட்க்விஸ்ட் அந்த முடிவை ஏற்காமல், பின்னால் ஒரு சிறுகதை எழுதி இருவருக்கும் வேறு வழி காட்டினார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. கொலை செய்யும் ஒரு பிள்ளையிடம்தான் இன்னொரு பிள்ளைக்கு ஆறுதல் கிடைக்கும் என்ற நிலைக்கு ஒரு ஊரே விட்டுவிட்டதே என்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, ஏலியின் உள்நோக்கம் எதுவாக இருந்தாலும்.

பார்க்க நினைப்பவர்களுக்குச் சப்டைட்டில் பற்றி ஒரு எச்சரிக்கை. 2009இல் அமெரிக்காவில் வந்த டிஸ்க்கில் தியேட்டரில் இருந்த சப்டைட்டிலை மாற்றி, வசனங்களைச் சுருக்கி, சிலதை விட்டே விட்டார்கள். ரசிகர்கள் எதிர்ப்புக் கிளப்பிய பிறகு பழையதையே போட்டு வெளியிட ஒப்புக்கொண்டார்கள். நான் முதலில் பார்த்தது சுருக்கியதைத்தான் என்று நினைக்கிறேன், இரண்டாவது தடவை வேறு பிரதியில் பார்த்தபோது பிள்ளைகள் இருவரும் இவ்வளவு பேசினார்களா என்று இருந்தது. இவ்வளவு குறைவாகப் பேசும் படத்தில் பாதி வரி போனாலும் ஆளே மாறிவிடுகிறார்கள்.

கடைசிக் காட்சிக்கு எந்தப் பிரதியிலும் சப்டைட்டில் உதவாது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தபோது இரண்டு பேரும் சுவரைத் தட்டி, தந்தியில் வரும் மோர்ஸ் தட்டல் முறையில் பேசிக்கொள்வார்கள். முடிவில் ஓஸ்கர் பகல் நேர ரயிலில் போகிறான், பக்கத்தில் ஒரு பெரிய பெட்டி, உள்ளே ஏலி. பெட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம், இவன் பதிலுக்குத் தட்டுகிறான், படம் முடிகிறது. மூன்று தடவை பார்த்தும் அது என்ன என்று எனக்குத் தெரியாது. நான்காவது தடவை அப்பா இருந்தார். தந்தி ஆபீஸில் சவுண்டர் முன்னால் உட்கார்ந்து கட்டுக்கட கட்டுக்கட சத்தத்திலேயே முப்பது வருஷம் ஓட்டியவர், 2013 ஜூலையில் நாட்டில் தந்திச் சேவையையே நிறுத்திய அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டவர். படத்தில் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார், தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். அந்தத் தட்டல் வந்ததும் விரல் நாற்காலிக் கையில் தானாக ஆடியது. இன்னொரு தடவை போடும்மா என்றார். போட்டேன். பி, யு, எஸ், எஸ், புஸ்னு வருது, என்ன பாஷைம்மா இது என்றார். தேடிப் பார்த்தேன். சுவீடன் மொழியில் 'புஸ்' என்றால் சின்ன முத்தம்.

அப்பா, அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற பிள்ளை முத்தம் குடுக்குதுப்பா என்றேன். அப்படியா என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தார். அப்புறம், அந்தப் பையனுக்கு டிக்கெட் யாரு எடுத்துக் குடுத்திருப்பாங்க, தனியா போறானே என்றார்.

இரண்டு திருத்தங்களைத் தயவுசெய்து அடுத்த ஞாயிறு வெளியிடுங்கள். நீங்கள் போட்டிருந்த புகைப்படம் சுவீடன் படத்தினுடையது இல்லை. இதே கதையை 2010இல் மேட் ரீவ்ஸ் அமெரிக்காவில், நியூ மெக்சிகோவில் நடப்பதாக மறுபடி எடுத்தார், நீங்கள் போட்ட புகைப்படம் அதிலிருந்து. அமெரிக்கப் படம்தான் அசல், சுவீடன் படம் நகல் என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மற்றொன்று, குழந்தைகள் நடித்திருப்பதால் குடும்பத்தோடு ரசிக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. பிரிட்டனில் இதற்கு 15 வயதுச் சான்றிதழ், அமெரிக்காவில் 17 வயதுக்குக் கீழ் பெரியவர் துணையோடுதான். ஓஸ்கர் வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டாதீர்கள், அவர்களுடைய அம்மா அப்பாவும் ஆசிரியர்களும் பாருங்கள். இந்தக் கல்வியாண்டில் எங்கள் பள்ளி ஸ்டாஃப் ரூமில் ஒரு சனிக்கிழமை மதியம் லேப்டாப்பில் போடப் போகிறேன், பி.டி. சாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
தென்காசி மாவட்டம்.

(மாணவன் ஒருவனைப் பற்றி எழுதியிருப்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.)